பெரியப்பாவிடம் வந்தவர்கள் எல்லோரும் பிழைத்தார்கள் என்றால்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சேர்வராயன் மலை ஊர்க்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார்: அவருடைய பெரியப்பா பல வருஷமாகப் பாம்புக்கடிக்கு மந்திரித்துப் பச்சிலை கொடுக்கிறார், அவரிடம் வந்து செத்தவர் என்று யாரையும் இவர் பார்த்ததில்லை, சின்ன வயதிலிருந்து பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தவர், அப்படியிருக்க "ஆதாரம் இல்லை, ஆய்வு இல்லை" என்று படித்தவர்கள் சொல்வதை எப்படி ஏற்றுக்கொள்வது, கண்ணால் கண்டதைவிடக் காகிதத்தில் இருப்பதா பெரிது?

நீங்கள் பார்த்தது பொய் என்று நான் சொல்லப்போவதில்லை. இந்த மாதிரிக் கேள்விக்கு வழக்கமாக வரும் பதில் "மூடநம்பிக்கை" என்ற ஒற்றை வார்த்தை. அதைச் சொல்கிற பலருக்குப் பாம்பைப் பற்றியும் தெரியாது, மலையில் நடுராத்திரி ஒரு வண்டி பிடித்துக் கீழே இறங்குவது எவ்வளவு பாடு என்றும் தெரியாது. நான் சேலத்தில் புள்ளியியல் பாடம் நடத்துகிறவன், ஏற்காட்டில் சொந்தக்காரர்களுக்குக் கொஞ்சம் காபித் தோட்டம் உண்டு, அதனால் மேலேயும் கீழேயும் போய்வருகிற ஆள். உங்கள் பெரியப்பாவிடம் வந்தவர்கள் பிழைத்தார்கள், சரி. அவர் வைத்தியம் பார்த்ததால்தான் பிழைத்தார்களா என்பதை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எத்தனை வருஷம் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. உங்கள் பார்வையில் கோளாறு இல்லை, உட்கார்ந்த இடம் அப்படி.

ஏன் என்று சொல்கிறேன். இந்தியாவில் 300க்கும் மேற்பட்ட பாம்பு வகைகள் இருக்கின்றன, அவற்றில் விஷமுள்ளவை ஐந்தில் ஒரு பங்குதான், அதிலும் பெரும்பாலான சாவுக்குக் காரணம் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நான்கு. காபிச் செடிக்கு அடியில் குனிந்து களை வெட்டும்போது காலில் சுருக்கென்று ஏதோ கடித்து, சருகுக்குள் ஒரு வால் மறைவதை மட்டும் பார்த்தவருக்கு அது சாரையா விரியனா என்று எப்படித் தெரியும்? கடித்தது விஷப் பாம்பாகவே இருந்தாலும் எல்லாக் கடியிலும் விஷம் இறங்குவதில்லை, பல் பதிந்தும் விஷம் இறங்காத கடிகள் நிறைய உண்டு. ஆக, பாம்பு கடித்துவிட்டது என்று ஓடிவருகிறவர்களில் ஒரு பெரிய பங்கு, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தாலே பிழைக்கக்கூடியவர்கள். பச்சிலை கொடுத்தாலும் பிழைப்பார்கள், கொடுக்காவிட்டாலும் பிழைப்பார்கள்.

இது முதல் படிதான். யார் யார் பெரியப்பாவிடம் வந்து சேர்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கண்ணாடிவிரியன் நன்றாகக் கடித்துவிட்டால் கால் கொஞ்ச நேரத்தில் வீங்கிவிடும், வலியில் ஆள் துடிப்பார், ஈறில் ரத்தம் கசியலாம். அந்த நிலையில் ஒருவரைக் கொண்டுவந்து இறக்கினால், விவரமான வைத்தியர் யாராக இருந்தாலும், உங்கள் பெரியப்பாவும் உட்பட என்றே நினைக்கிறேன், "இங்கே வேண்டாம், பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கப்பா" என்றுதான் சொல்வார். கட்டுவிரியன் கதை வேறு. ராத்திரி தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவரைக் கடிக்கும், பல் சின்னது, பலருக்கு வலியே தெரியாது, தேடினாலும் கடிவாய் கிடைக்காது. விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுந்திருப்பார், அப்புறம் இமை சரியும், நாக்கு குழறும், கடைசியில் மூச்சு விடும் தசைகள் செயலிழக்கும். வீட்டில் அஜீரணம் என்று நினைத்துச் சோடா வாங்கிக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அவர் செத்துப்போனால் ஊர் அதைப் பாம்புக்கடி என்றே பேசாது, மாரடைப்பு என்று சொல்லும் அல்லது காத்துக்கருப்பு என்று சொல்லும். அவர் எங்கே பெரியப்பா வீட்டுப் பக்கம் வருவது?

இப்படி மோசமான கேஸ்கள் ஒரு பக்கம் மருத்துவமனைக்கும் இன்னொரு பக்கம் சுடுகாட்டுக்கும் தானாகப் பிரிந்துபோன பிறகு மிச்சம் இருப்பவர்கள்தான் திண்ணைக்கு வருகிறார்கள். அங்கேயும் ஒரு வடிகட்டல் நடக்கிறது. பிழைத்தவர் ஒரு வாரம் கழித்து வெற்றிலை பாக்கு, தேங்காய் பழத்தோடு வந்து கும்பிட்டுவிட்டுப் போவார், நீங்கள் பார்ப்பீர்கள். வீட்டுக்குப் போய் இறந்தவரின் குடும்பம் காரியம் முடிந்த கையோடு திரும்பி வந்து "உங்கள் மருந்து வேலை செய்யவில்லை" என்று கணக்குச் சொல்லுமா? அப்படியே ஒன்று காதில் விழுந்தாலும் அதற்குப் பதில் தயாராக இருக்கும்: லேட்டாகக் கொண்டுவந்தார்கள், பத்தியம் காக்கவில்லை, ஆயுசு அவ்வளவுதான். இந்தப் பதில்களில் சில உண்மையாகவும் இருக்கலாம், அதுதான் சிக்கல், ஒவ்வொன்றும் தனித்தனியே நியாயமாகத்தான் தெரியும்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒரே ஒரு கேள்வி. பெரியப்பாவின் பச்சிலையில் எந்தச் சக்தியும் இல்லை, அது வெறும் இலை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்போது நீங்கள் சின்ன வயதிலிருந்து திண்ணையில் பார்த்த காட்சிகள் எந்த விதத்தில் மாறியிருக்கும்? நான் யோசித்த வரையில் ஒன்றும் மாறியிருக்காது. அதே கூட்டம், அதே பிழைப்பு, அதே தேங்காய் பழம். மருந்து வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் ஒரே மாதிரிதான் தெரியும் என்றால், அந்த அனுபவம் எத்தனை வருஷத்து அனுபவமாக இருந்தால் என்ன, இந்தக் கேள்விக்கு மட்டும் அது சாட்சி சொல்லாது. தீர விசாரி என்று பழமொழி சொல்லிவிட்டுப் போய்விட்டது, யாரைப் போய் விசாரிப்பது என்று சொல்லவில்லை. நான் சொல்கிறேன், திண்ணைக்கு வராதவர்களைப் போய் விசாரிக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு "பார்த்தீர்களா, டாக்டர்களைத்தான் நம்ப வேண்டும்" என்று யாரும் துள்ள வேண்டாம். மருத்துவமனையும் ஒரு திண்ணைதான், கொஞ்சம் பெரியது. இந்தியாவில் வருஷத்துக்கு எத்தனை பேர் பாம்பு கடித்துச் சாகிறார்கள் என்று மருத்துவமனைக் கணக்கை வைத்துச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் அந்த எண்ணிக்கை பெரிதாக யாரையும் பயமுறுத்தவில்லை. பிறகு பிரபாத் ஜா என்பவர் தலைமையில் பத்து லட்சம் சாவுகளை ஆராயும் ஒரு பெரிய ஆய்வு, இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகத்தோடு சேர்ந்து நடந்தது. ஆட்கள் வீடு வீடாகப் போய், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில், "சமீபத்தில் இங்கே யாராவது இறந்தார்களா, எப்படி இறந்தார்கள்" என்று கேட்டு எழுதிவந்தார்கள், அந்த விவரத்தை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே படித்துக் காரணத்தைக் குறித்தார்கள். 2011இல் வெளியான முடிவின்படி, 2005ஆம் வருஷத்தில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 46,000 பேர். மருத்துவமனைகள் காட்டிய அதிகாரபூர்வக் கணக்கைப்போல 30 மடங்குக்கும் மேல்! காரணம் எளிது, அப்படி இறந்தவர்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் மருத்துவமனைக்கு வெளியேதான் இறந்திருக்கிறார்கள். 2020இல் வந்த அடுத்த கணக்கு, 2000 முதல் 2019 வரை மொத்தம் 12 லட்சம், சராசரியாக வருஷத்துக்கு 58,000 என்றது. வார்டில் நின்ற டாக்டரும் பொய் சொல்லவில்லை, அவர் கண்ணுக்கு வந்தது அவ்வளவுதான்.

ஒரு வித்தியாசத்தை மட்டும் சொல்லாமல் விட முடியாது. சில நாட்டு வைத்தியர்கள் சிறியாநங்கை இலையை மெல்லக் கொடுப்பார்கள், கசந்தால் விஷம் ஏறவில்லை, கசப்புத் தெரியாவிட்டால் ஏறிவிட்டது என்று முடிவு செய்வார்கள். மருத்துவமனையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தத்தை எடுத்து அசைக்காமல் 20 நிமிஷம் வைப்பார்கள், அப்புறம் குழாயைச் சாய்த்துப் பார்ப்பார்கள், உறையாமல் தண்ணியாக ஓடினால் விரியன் விஷம் ரத்தத்தைக் கெடுத்துவிட்டது என்று பொருள், உடனே விஷமுறிவு மருந்து ஏற்றுவார்கள். பார்ப்பதற்கு இரண்டும் சோதனைதான், குழாய்ச் சோதனை இலையைவிடப் பெரிய கருவி ஒன்றும் இல்லை. ஆனால் இந்தக் குழாய் நல்ல பாம்பு, கட்டுவிரியன் கடியைக் காட்டிக்கொடுக்காது, அந்த விஷங்கள் தாக்குவது நரம்பை, ரத்தம் சாதாரணமாகவே உறையும் என்பதும் அதே மருத்துவப் பாடத்தில் எழுதியிருக்கிறது, அதனால் ரத்தம் உறைந்தாலும் நோயாளியை வீட்டுக்கு அனுப்பாமல் இமையையும் மூச்சையும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். எங்கே ஏமாறும் என்று தெரிந்து வைத்திருக்கிற சோதனை அது. இலை எங்கே ஏமாறும் என்று வைத்தியரைக் கேட்டுப்பாருங்கள், ஏமாறாது என்பார்.

பாம்பை விடுங்கள், சாவு சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் சூடு ஏறிவிடுகிறது. காபிக்கு வருவோம். அரபிகா செடி ஒரு வருஷம் கொத்துக்கொத்தாகக் காய்த்தால் அடுத்த வருஷம் இளைத்துவிடும், தோட்டக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. இந்த வருஷம் வளரும் பக்கக் கிளையில்தான் அடுத்த வருஷத்துக் காய் பிடிக்கும், காய் அதிகமான வருஷத்தில் செடியின் சத்தெல்லாம் பழத்துக்குப் போய்விடுவதால் புதுக் கிளை வளராது, நுனிகூடக் காய்ந்துபோகும். அப்புறம் ஓய்ந்த வருஷத்தில் கிளை நன்றாக வளர்ந்து அதற்கடுத்த வருஷம் மறுபடி காய்க்கும். இப்போது பாருங்கள், ஒருவர் எப்போது போய்ப் புதிய டானிக் வாங்குவார்? நன்றாகக் காய்த்த வருஷத்தில் யாரும் வாங்க மாட்டார்கள். காய் இல்லாமல் செடி மொட்டையாக நிற்கிற வருஷத்தில், கடன்காரன் வாசலில் நிற்கிறபோதுதான் கடைக்குப் போவார். கடைக்காரர் ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுப்பார், இவர் கலந்து அடிப்பார், அடுத்த வருஷம் சிவப்பாகப் பழம் குலுங்கும். அவர் அந்தப் பாட்டிலைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாலும் ஆச்சரியமில்லை. அதற்கடுத்த வருஷம் காய் குறைந்தால் "இந்தத் தடவை டோஸ் பத்தலை" என்பார் அல்லது பூக்கும் சமயத்தில் மழை ஏமாற்றியதைச் சொல்வார், மழைக் காரணம் பாதி வருஷங்களில் உண்மையாகவும் இருக்கும். கூடுதல் குறைச்சலாகப் போய்வருகிற எந்த விஷயத்திலும், மோசமான நேரத்தில் என்ன செய்தாலும் அது வேலை செய்தது போலத் தெரியும். பையன் மார்க் குறைந்தபோது கொடுத்த அடி, மூட்டுவலி உச்சத்தில் இருந்தபோது தடவிய எண்ணெய், வியாபாரம் படுத்தபோது மாற்றிய வாசல், எல்லாம் இதே கணக்கு.

இதற்குத் தீர்வு என்ன என்று கேட்டால், காபி விஷயத்தில் ரொம்பச் சுலபம். நாலு வரிசைக்கு அடியுங்கள், பக்கத்தில் நாலு வரிசைக்கு அடிக்காமல் விடுங்கள், எந்த வரிசை என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள் (நீங்களாகத் தேர்ந்தெடுத்தால் தெம்பான வரிசைக்குத்தான் கை போகும்), பழத்தைத் தனித்தனியே எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். ஏற்காட்டில் இருக்கும் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் மாதிரியான இடங்களில் நடப்பதும் அடிப்படையில் இதுதான், இன்னும் கவனமாக, இன்னும் பல வரிசைகளில். இதை நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன், செய்தவர்கள் குறைவு. "அடிக்காமல் விட்ட வரிசையில் காய் போய்விட்டால்?" என்பார்கள், டானிக் வேலை செய்கிறது என்று ஏற்கெனவே முடிவுகட்டியவரின் கேள்வி அது.

சரி, அப்படியென்றால் அனுபவத்துக்கு மதிப்பே இல்லையா? நிறைய உண்டு, எந்த இடத்தில் என்பதுதான் விஷயம். ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள், அதில் பஸ் ஓட்டுகிற டிரைவரின் அனுபவத்தை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன், சேலத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் எல்லோரும் நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறோம். ஸ்டியரிங்கை ஒரு விநாடி தாமதமாக ஒடித்தால் அடுத்த விநாடியே தெரிந்துவிடும், தப்பு செய்தால் மறைக்க வழியில்லை. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசு செய்கிறவர் பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கிறார், சூடு கூடினால் கண் முன்னாலேயே வளையம் உருகும், குறைந்தால் இழுத்ததும் விட்டுப்போகும். டேனியல் கானமன், கேரி கிளைன் என்று இரண்டு உளவியலாளர்கள், நிபுணர்களின் உள்ளுணர்வை நம்பலாமா கூடாதா என்பதில் எதிரெதிர்க் கட்சி, 2009இல் சேர்ந்து உட்கார்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் ஒத்துப்போன இடம் இதுதான்: வேலை நடக்கும் சூழலில் ஒரு ஒழுங்கு இருக்க வேண்டும், செய்தது சரியா தவறா என்பது செய்தவருக்குத் திரும்பி வந்து தெரிய வேண்டும், அப்படிப் பழகியவரின் உள்ளுணர்வை நம்பலாம், இல்லாவிட்டால் எவ்வளவு நம்பிக்கையாகப் பேசினாலும் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

பாம்பிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. இருளர் பழங்குடி மக்கள் பாம்பு பிடிப்பதில் கெட்டிக்காரர்கள், மண்ணில் இருக்கிற தடத்தைப் பார்த்து எந்தப் பாம்பு, எந்தப் பக்கம் போனது, எந்த வளையில் இருக்கிறது என்று சொல்லக்கூடியவர்கள். வளையைத் தோண்டினால் பாம்பு இருக்கும் அல்லது இருக்காது, அங்கேயே தெரிந்துபோகும், பிடிக்கும்போது கை தவறினால் அதைவிட வேகமாகத் தெரிந்துபோகும். அந்த அறிவை யாரும் மூடநம்பிக்கை என்று சொல்லவில்லை, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தருகிற விஷத்திலிருந்துதான் பெருமளவு விஷமுறிவு மருந்தே தயாராகி வந்திருக்கிறது, மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களுக்கு 2023இல் பத்மஸ்ரீயும் கிடைத்தது. மலைவாசி அறிவு, படித்த அறிவு என்ற சண்டையே இங்கே இல்லை. உங்கள் பெரியப்பாவுக்கும் எந்தக் காட்டில் எந்தப் பாம்பு எந்த மாசத்தில் அதிகம் என்று தெரிந்திருக்கும், அதைக் கேட்டு எழுதி வையுங்கள், அதில் அவர் சொல்வது எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

அனுபவத்துக்கு இருக்கிற இன்னொரு வகை எல்லையையும் சொல்லிவிடுகிறேன், சின்னதுதான். 2024 ஜூலை கடைசியில் மேட்டூர் அணை 120 அடி நிரம்பியது. சேலத்தில் மழையே இல்லை, அணை எப்படி நிரம்பும் என்று டீக்கடையில் சண்டை போட்டவரை நான் பார்த்தேன். தண்ணீர் குடகிலும் வயநாட்டிலும் பெய்த மழை. அவர் தலையில் விழாத மழையை அவர் நம்பவில்லை, அவ்வளவுதான், அணை நம் மாவட்டத்திலேயே இருக்கிறது என்பது அவருக்கு உதவவில்லை.

அனுபவத்தின் பக்கமும் ஒரு நியாயம் பேசியாக வேண்டும். "இப்படி நடக்கவே நடக்காது" என்று ஒருவர் அடித்துச் சொன்னால் அதை உடைக்க உங்கள் ஒரே ஒரு அனுபவம் போதும். மலை உச்சிக் குளிரில் பாம்பே கிடையாது என்று சுற்றுலா வந்தவர் சொன்னால், உங்கள் தோட்டத்தில் பார்த்த ஒரே பாம்பு அவர் வாயை அடைத்துவிடும். "இப்படியும் நடக்கும்" என்று சொல்ல ஒரு சம்பவம் போதும், "பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும்" என்று சொல்லத்தான் போதாது. ஆய்வு என்று காகிதத்தில் வந்தாலும் அதே கேள்வியைக் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும்: யாரைக் கணக்கில் எடுத்தார்கள், யார் விட்டுப்போனார்கள், மருந்து சும்மாவாக இருந்தால் முடிவு வேறு மாதிரி வந்திருக்குமா? பல ஆய்வுகள் அந்தக் கேள்வியில் விழுந்துவிடும், அவற்றுக்காக நான் வக்காலத்து வாங்கப்போவதில்லை.

பெரியப்பாவோடு போய் இதையெல்லாம் வாதாடாதீர்கள், உங்களுக்கும் அவருக்கும் மனஸ்தாபம்தான் மிஞ்சும். ஊர் அவர் சொல்வதைக் கேட்கிறது என்பது பெரிய சொத்து. கடிபட்டவர் வந்தால் திருநீறு பூசி, பயம் தெளியச் செய்து, உடனே வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லுங்கள், மந்திரத்தை வண்டி வரும்வரை சொல்லட்டும், யாருக்கும் நஷ்டமில்லை. கடிவாயைக் கத்தியால் கீறக் கூடாது, வாய் வைத்து உறிஞ்சக் கூடாது, கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது, கடிபட்ட காலை அசைக்காமல் வைத்துத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், பாம்பைத் தேடிப் பிடிக்கப் போய் இரண்டாவது ஆளும் கடிபட வேண்டாம், நம் ஊரில் கிடைக்கிற விஷமுறிவு மருந்து அந்த நான்கு பாம்புக்கும் சேர்த்துத் தயாரித்ததுதான். முக்கியமாக, ராத்திரி தரையில் படுத்திருந்தவர் விடியற்காலையில் வயிறு வலிக்கிறது, கண்ணைத் திறக்க முடியவில்லை என்று சொன்னால் கடிவாய் தேடிக்கொண்டு நிற்காமல் 108ஐக் கூப்பிடச் சொல்லுங்கள், அதைப் பெரியப்பா சொன்னால் ஊர் செய்யும், நான் சொன்னால் செய்யாது.